உறிக்கலயம்

வைத்தியர் ஆத்மநாதனின் மருந்தறையை எட்டிப் பார்த்தவர்கள், கொண்டுவந்த நோயை மறந்துவிட்டு வேறு நோயோடு வீடு திரும்புவார்கள் என்று கரட்டுப்பட்டியில் கேலியாகச் சொல்வார்கள். கேலியில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. எட்டடிக்குப் பத்தடி அறை. அதற்குள் வேர்க்கட்டு, பட்டை, சாக்கு, எண்ணெய்ச் சீசா, வாய் உடைந்த கலயங்கள், ஒரு கால் போன முக்காலி, அவருடைய அப்பா விட்டுப்போன ஏட்டுச்சுவடிக் கட்டு, கட்டின் மேல் காயப்போட்ட ஆடாதொடை, ஆடாதொடையின் மேல் சுருண்டு படுத்த பூனை. விட்டத்திலிருந்து நாலைந்து உறிகள் தொங்கும். நிமிர்ந்து நடந்தால் தலையில் இடிக்கும், குனிந்து நடந்தால் காலில் இடறும். இலுப்பூர்ச் சந்தையை அப்படியே ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து உள்ளே குடைசாய்த்தது போல இருக்கும்.

அவர் மனைவி பிரகதாம்பாளுக்கு அந்த அறை ஆறு வருஷத்து மானக்கேடு. திருக்கோகர்ணத்தில் பிறந்து, நாலாம் வகுப்பு வரை படித்து, இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டில் மற்ற இடமெல்லாம் அவள் கைக்குள் இருந்தது. அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் உப்பு இருக்கிற இடத்தில் உப்பு இருக்கும், புளி இருக்கிற இடத்தில் புளி இருக்கும். பிள்ளை இல்லாத வீடு சுத்தமாகத்தானே இருக்கும் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. வந்த பிறகு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அறையைப் பற்றி வாய் திறந்தால் ஆத்மநாதனுக்கு ஒரே பதில்தான். "எது எங்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ அதுல கைய வைக்காதே."

தெரியும் என்று சொன்ன அதே மனுஷன்தான் ஒரு கைப்பிடித் திப்பிலிக்காக அரை நாள் தவழ்வார். போன புரட்டாசியில் மூச்சு இழுத்துக்கொண்டு வந்த ஒரு கிழவியை வாசலில் உட்காரவைத்துவிட்டு, "இங்கிட்டுத்தானே வச்சேன், இங்கிட்டுத்தானே வச்சேன்" என்று அவர் உருட்டிக்கொண்டிருந்தார். கிழவியின் மக்கள் பார்த்தார்கள், பொறுமை போய் அவளை வண்டியில் ஏற்றி இலுப்பூருக்கு ஓட்டிவிட்டார்கள். ஐப்பசியில் சாக்குக்கு அடியிலிருந்து கட்டுவிரியன் ஒன்று புறப்பட்டது. அதற்கு மேலும் ஒருத்தி பொறுத்துக்கொண்டிருந்தால் அவளைக் கோயிலில்தான் வைக்க வேண்டும்.

ஆனால் வைத்தியத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. யுத்த காலம் அது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொய்னாவுக்குத் தட்டுப்பாடு. காய்ச்சல் கண்டவர்கள் எல்லாம் ஆத்மநாதன் வாசலுக்குத்தான் வந்தார்கள். அவர் உருட்டித் தருகிற மாத்திரை மிளகு பருமன்தான் இருக்கும். துளசிச் சாற்றில் இரண்டு கொடுத்தால் மூன்றாம் நாள் ஆள் வயலில் நிற்பான். கைராசிக்காரர் என்று பெயர். அந்தப் பெயர்மேல் அவருக்கு உயிர்.

மார்கழித் திருவாதிரைக்கு ஆவுடையார்கோவில் போவது அவர் வழக்கம். தன் பெயர் கொண்ட சாமியைப் பார்க்கப் போகிறவர் பத்து நாள் அங்கேயே தங்கிவிட்டுத்தான் வருவார். அந்த வருஷமும் கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்துப் புறப்பட்டார். பஸ் புகை மறைவதற்கு முன்னால் பிரகதாம்பாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள். எப்படியும் பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்க வேண்டும். வீட்டை என்றால் அந்த அறையும் வீடுதானே என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு மருதாயி துணைக்கு வந்தாள். இவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புது ஊருக்கு வந்த நாளில் பிரகதாம்பாளுக்கு ஊருணிக்கு வழி காட்டியவள். ஒரு வீட்டுக் குழம்பு மறு வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது. மருதாயியின் புருஷன் குழந்தைசாமி பனஞ்சட்டத்தில் மூன்று தட்டு அடித்துச் சுவரில் பொருத்திக் கொடுத்தான்.

"தங்கச்சி, வைத்தியரு வந்து ஒன்னைத் திட்டுவாரு, தட்டு அடிச்ச பாவத்துக்கு என்னை வெட்டுவாரு" என்றான் ஆணி அடித்தபடி.

"அப்படி வெட்டுனா அவருதாண்ணே மருந்து போடணும்" என்றாள் பிரகதாம்பாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

நாலு நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து பரப்பினார்கள். புழுத்ததைக் குப்பைக்குத் தள்ளினார்கள். சுண்ணாம்பு அடித்து, தரையை மெழுகி, காயவைத்து, வேரை வேரோடும் பட்டையைப் பட்டையோடும் தட்டில் அடுக்கினார்கள். பிரகதாம்பாள் பழைய காலண்டர்த் தாளைச் சிறு சீட்டாகக் கத்தரித்து, சோற்றைப் பிசைந்து பசையாக்கி, ஒவ்வொரு கலயத்திலும் பெயர் எழுதி ஒட்டினாள். திப்பிலி. சுக்கு. அதிமதுரம். பெயர் தெரியாததை மருதாயி மோந்து பார்த்துச் சொன்னாள். சந்தேகம் வந்ததை எடுத்துத் தனியே வைத்தார்கள். அவ்வளவு கவனமாகத்தான் செய்தார்கள்.

கடைசி நாள் இரண்டு கலயம் மிஞ்சியது. ஒன்று உறியில் தொங்கியது, நல்ல கலயம். இன்னொன்று மூலையில் தரையில் கிடந்தது, வாய் உடைந்தது. இரண்டிலும் வில்லை வில்லையாக நறுக்கிக் காயவைத்த அதே நாவிக்கிழங்கு. அதே நிறம், அதே பருமன். அவர் அந்தக் கிழங்கைக் கோமியத்தில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பதைப் பிரகதாம்பாள் பார்த்திருக்கிறாள். பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்திருந்தாள். உண்மையில் எதற்கென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் கேட்டால் "ஒனக்கு எதுக்கு அது" என்பார்.

"ஒரே சரக்கை எதுக்கு ரெண்டு எடத்துல வச்சிருக்காரு?" என்றாள் பிரகதாம்பாள்.

"ஆம்பளைகளுக்கு என்ன தெரியும்? ஒண்ணாக் கொட்டு ஆத்தா, எடமாவது மிஞ்சும்" என்று மருதாயி உறிக்கலயத்தை இறக்கிச் சாய்த்துப் பிடித்தாள்.

பிரகதாம்பாள் உடைந்த கலயத்தில் இருந்ததை அதில் கொட்டினாள். கலயத்தைக் குலுக்கி மட்டம் பண்ணினாள். "நாவி" என்று எழுதி ஒட்டி, திரும்ப உறியிலேயே வைத்தாள். உடைந்த கலயம் குப்பைமேட்டுக்குப் போயிற்று.

ஆத்மநாதன் ஊர் திரும்பியபோது உச்சிப்பொழுது. திருநீற்றுப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு நேரே மருந்தறைக்குப் போனார். பிரகதாம்பாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். வசவு வரும், சாமான் பறந்து வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மெல்ல எட்டிப் பார்த்தாள். அவர் தட்டின் முன்னால் நின்று சீட்டுகளை ஒவ்வொன்றாக, பிள்ளைகள் வாசிப்பது போல வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம அறைதானா பிரகதம்?"

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"எங்கப்பா இருந்து பாத்திருக்கணும்" என்றார். பிறகு திரும்பி, அவளை நன்றாகப் பார்த்து, "ஆறு வருஷமா ஒன் கையக் கட்டிப் போட்டு வச்சிருந்திருக்கேன், முட்டாப்பய நான்" என்றார்.

அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. அடுப்படிக்கு ஓடி அழலாமா என்று இருந்தது. அப்போதுதான் அவர் மூலையைப் பார்த்தார்.

"அங்கிட்டு வாய் ஒடைஞ்ச கலயம் ஒண்ணு இருந்துச்சே?"

"ஆமாங்க."

"அதுல இருந்தது எங்க?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். என்னமோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. இப்போதுதான் கைக்கு வந்த ஒன்று இப்போதே போய்விடப் போகிறதே என்கிற பயத்தில் நாக்கு தானாகப் புரண்டது.

"எலி உருட்டி ஒடைச்சுப் போட்டிருந்துச்சுங்க. உள்ள கெடந்ததைக் குப்பையில கொட்டிட்டேன்."

ஆத்மநாதன் பெருமூச்சு விட்டார். "போகட்டும், நல்லதாப் போச்சு. அது பச்சை நாவி, கோமியத்துல ஊறப்போட்டுச் சுத்தி பண்ணாதது. அத்தனையும் வெஷம். மத்ததெல்லாம் பாத்தாலே எனக்குத் தெரியும். இது ஒண்ணுதான் சுத்தி பண்ணினாலும் பண்ணாட்டியும் ஒரே மாதிரி இருக்கும். நாக்குல வச்சாத்தான் தெரியும். அதனாலதான் எங்கப்பா காலத்துலருந்து பச்சை தரையில, மருந்து உறியில. கைய நல்லாக் கழுவுனியா? குப்பையில கோழி கொத்தாம மண்ணத் தள்ளி மூடிப்புடு" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு ஊருணிக்குக் குளிக்கப் போனார்.

விஷத்தையும் மருந்தையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இடத்தை மட்டும் அடையாளமாக நம்பிய புத்தியை என்னவென்று சொல்வது! ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நின்றவளுக்கு அவரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. உறிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கை நீட்டினால் எட்டும். இறக்கி, குழி தோண்டிக் கொட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் நல்ல நாவி எங்கே என்று கேட்பாரே? அதற்கு எந்த எலியைச் சொல்வது? உண்மையைச் சொல்லிவிடலாம். குளித்துவிட்டு வரட்டும், சாப்பிடட்டும், சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைத்து அவள் சோறு வடிக்கப் போனாள்.

அவர் சாப்பிட உட்காரவில்லை. பத்து நாளாக வைத்தியர் இல்லாத ஊர். ஈரத்துண்டோடு திரும்பி வரும்போதே நாலு பேர் வழிமறித்துச் சொல்லிவிட்டார்கள், குழந்தைசாமிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை என்று. வந்தவர் நேரே அறைக்குள் போனார். அடுப்படியில் இருந்தவளுக்குக் கல்வத்தில் அரைக்கிற சத்தம் கேட்டது.

உலை பொங்கி வழிந்தது. அதை விட்டுவிட்டு ஓடினாள். வாசற்படியில் நின்று, "என்னங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பிரகதம், நான் பொறந்து இன்னைக்குத்தான் தேடாம ஒரு மருந்து அரைக்கிறேன். கைய நீட்டுனேன், மிளகு. நீட்டுனேன், நாவி. என்ன, சோறு ஆச்சா?"

"ஆச்சுங்க" என்றாள்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வந்தவள்தான், சொல்லவில்லை. திரும்பி வரும்போது கணக்குப் போட்டாள். பச்சை நாவி ஒரு கைப்பிடிதான் இருந்திருக்கும், நல்லது அதைப்போல நாலு மடங்கு இருந்தது, அவர் எடுத்தது ஏதோ நாலு வில்லை, அந்த நாலும் நல்லதாகவே இருக்கலாம். இருக்கும். தெய்வம் அப்படியா கைவிட்டுவிடும்! இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, பொங்கி வழிந்த அடுப்பைத் துடைத்தாள்.

மாத்திரை நிழலில் காய்ந்தது. மறுநாள் காலையில் மருதாயி வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. ஆத்மநாதன் இரண்டு மாத்திரையை வாழைச்சருகில் மடித்து, "பிரகதம், இதை மருதாயிகிட்டக் குடு. துளசிச் சாத்துல ரெண்டையும் ஒண்ணாக் கொடுக்கச் சொல்லு" என்றார்.

அவள்தான் கொடுத்தாள். அந்தக் கையால்தான் கொடுத்தாள். வாசல்வரை கூடவே போய், "அக்கா, ஒண்ணு மட்டும் கொடு. ஒண்ணு போதும்" என்றாள் மெதுவாக.

"வைத்தியரு ரெண்டுன்னாரே?"

"ஒண்ணு போதும்க்கா."

மருதாயி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வைத்தியர் சொன்னதைக் கேட்பதா, வைத்தியர் பெண்டாட்டி சொல்வதைக் கேட்பதா? எந்த மருதாயியும் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். போய் இரண்டையும் கொடுத்தாள்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் அந்த வீட்டில் அலறல் கேட்டது. ஆத்மநாதன் ஓடினார். அவர் போய்ச் சேரும்போதே குழந்தைசாமி கை கால் சில்லிட்டுக் கிடந்தான். நாடியில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வேறு யாருக்கும் மருந்து கொடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்டு யாரும் வரவும் இல்லை. தட்டு அடிக்கக் கொண்டுவந்த ஆணிகளில் மிச்சம் இருந்ததைக் குழந்தைசாமி மருந்தறை ஜன்னலிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஊர் முழுக்க எழவு வீட்டில் இருந்தபோது பிரகதாம்பாள் உறிக்கலயத்தை இறக்கிக் கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி அப்படியே புதைத்தாள். பிறகு போய், மருதாயியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மருதாயியும் இவளைத்தான் கட்டிக்கொண்டாள். அதைவிடக் கொடுமை வேறு வேண்டுமா?

கருமாதி முடிந்த மறுநாள் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நடுவில் ஊர்த் தலைவரான அம்பலம் உடையப்பன் உட்கார்ந்திருந்தார். குழந்தைசாமியின் தம்பி சோலையப்பன்தான் கூட்டத்தைக் கூட்டியவன். பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். மருதாயியை வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வந்து மதிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் சாகுறப்ப நாக்கு மரத்துப்போச்சுன்னாக" என்றான் சோலையப்பன். "ஒடம்பெல்லாம் எறும்பு ஊறுதுன்னாக. இலுப்பூர்ல பெரிய வைத்தியரு ஒருத்தரக் கேட்டேன். சுத்தி பண்ணாத நாவியத் தின்னாத்தான் அப்படி வரும்னு அடிச்சுச் சொல்றாரு. இவரு வெஷத்தக் குடுத்து எங்கண்ணனக் கொன்னுபுட்டாரு."

ஆத்மநாதன் எழுந்தார். பதினேழு நாளில் பத்து வயது கூடிப்போயிருந்தது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"எங்கிட்ட இருந்தது எங்கையால சுத்தி பண்ணின நாவி. மூணு நாளு பக்கத்துல ஒக்காந்து பண்ணினது. பச்சையா இருந்ததக் குப்பையில கொட்டியாச்சு. வீட்டுல பொட்டுப் பச்சை நாவி கெடையாது. குழந்தைசாமி போனது காய்ச்சல்ல. எம் மருந்துல இல்ல."

"அத யாரு நம்புறது?"

"நீங்க நம்பணும்னுதான் கொண்டாந்தேன்" என்று மடியிலிருந்து ஒரு சிமிழை எடுத்தார். "அன்னைக்கு உருட்டுனதுல மிச்சம். அவனுக்கு ரெண்டு குடுத்தேன். நான் நாலு திங்கிறேன். எல்லாரும் இருந்து பாருங்க."

யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெண்களுக்கு நடுவில் நின்ற பிரகதாம்பாள் ஓரடி முன்னால் வந்து நின்றாள். இப்போது பேசினால் ஊர் முன்னால் அவள் கொலைகாரி. பேசாவிட்டால் அவர் போய்விடுவார். அவள் வாய் மூடியிருந்த ஒவ்வொரு தடவையும் விஷயம் ஒரு படி கீழே இறங்கி, இறங்கி, இங்கே வந்து நிற்கிறது. அவர் நாலையும் நாக்கில் போட்டுக்கொண்டு செம்பைத் தூக்கினார்.

"முழுங்காதீங்க! துப்புங்க, துப்புங்க!"

ஓடிப்போய்ச் செம்பைத் தட்டிவிட்டாள். தண்ணீர் அவர் மேலெல்லாம் கொட்டியது. "நாந்தான் கொன்னேன். ரெண்டு கலயத்தையும் நாந்தான் ஒண்ணாக் கொட்டுனேன். எலி ஒடைக்கல, குப்பையில கொட்டல, எல்லாம் பொய்யி. இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று அம்பலத்தின் முன்னால் விழுந்தாள்.

அம்பலம் அவள் பக்கம் குனிந்தார். "அந்தக் கலயம் எங்க, கொண்டா."

"பொதைச்சுட்டேன். தோண்டி எடுத்துத் தாரேன்."

"இப்பப் பொதைச்சதோ எப்பப் பொதைச்சதோ" என்றான் சோலையப்பன். "புருசனக் காப்பாத்த நல்லாத்தான் சோடிக்குது."

"நீ கொட்டுனப்பக் கூட யாரு இருந்தா?" என்று அம்பலம் கேட்டார். "பாத்தவுக ஒருத்தர் வந்து சொல்லட்டும், நம்புறோம்."

பிரகதாம்பாள் தலையைத் தூக்கினாள். மதிலோரத்தில் மருதாயி வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும். ஊர் நம்பிவிடும். புருஷன் பெயர் நிற்கும். ஆனால் புருஷனைக் கொன்ற கலயத்தைப் பிடித்த கை எது என்று அப்போது மருதாயிக்கும் தெரிந்துவிடும், ஊருக்கும் தெரிந்துவிடும்.

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான் இருந்தேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பொண்டாட்டின்னா இப்படியில்ல இருக்கணும் என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆத்மநாதன் மட்டும் அசையவில்லை. துப்பிய மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. நாக்கை உதட்டில் ஒரு முறை தடவினார். இன்னொரு முறை தடவினார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவ சொல்றது பொய்யி" என்றார் ஊரைப் பார்த்து. மரத்த நாக்கில் பேச்சு குழறியது. "எங் கையில கொறை. நாவி சரியாச் சுத்தியாகல. என் தப்பு. இனிமே நான் மருந்து தொடல."

சோலையப்பன் போலீஸ் கச்சேரிக்குப் போக வேண்டும் என்றான். அம்பலம் அவனை அடக்கினார். வைத்தியர் பெண்டாட்டி முகத்துக்காக விடுகிறோம், இனி இந்த ஊரில் மருந்து கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. மருதாயி எப்போது எழுந்து போனாள் என்று யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் கொல்லையில் நின்று வெகுநேரம் வாய் கொப்புளித்தார். பிரகதாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடிக்கட்டும் என்று நின்றாள். அவர் அடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் ஒன்று மட்டும் சொன்னார்.

"அறைய நான் விட்டுட்டுப் போன மாதிரியே ஆக்கிப்புடு."

மறுநாள் காலையில் அவள் அறைக்குள் போனாள். தட்டிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினாள். முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சுவடிக் கட்டை அதன் அருகில் வைத்தாள். அருகிலா, மேலேயா? ஆடாதொடை அதன் மேல் இருந்தது. வசம்புச் சாக்கு எங்கே இருந்தது? கதவோரமா, ஜன்னலடியிலா? ஆறு வருஷம் தினமும் பார்த்து மனம் வெந்த அறை. இப்போது ஒரு சாமான் இருந்த இடம்கூட நினைவுக்கு வரவில்லை. எந்த இடத்தில் வைத்தாலும் அது புதிதாக வைத்ததாகவே இருந்தது. நகத்தால் ஒரு சீட்டைச் சுரண்டினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது, பாதிதான் வந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. மருதாயி நின்றாள். படியைத் தாண்டவில்லை.

"நீ கொட்டுனப்ப அந்தக் கலயத்தச் சாய்ச்சுப் பிடிச்சது நாந்தானே?"

"இல்லக்கா. நீ அன்னைக்கு வரவே இல்ல."

"ஒண்ணாக் கொட்டு ஆத்தா, எடமாவது மிஞ்சும்னு சொன்னது நாந்தானே?"

"இல்லக்கா, இல்ல."

"ராத்திரி பூரா கைய நீட்டிப் பாத்துக்கிட்டே கெடந்தேன் பெரகதம்" என்றாள் மருதாயி. குரலில் அழுகை இல்லை. "நீ மொத சொன்ன பொய்யில எம் புருசன் போயிட்டாரு. இப்பச் சொல்ற பொய்யில நான் மட்டும் பொழைச்சுக் கெடக்கணுமா? எம் மொகத்தப் பாத்துச் சொல்லு."

பிரகதாம்பாள் அவள் முகத்தைப் பார்த்தாள். வாய் மூடியதெல்லாம் போதும் என்று இருந்தது.

"ஆமாக்கா. நீதான் பிடிச்சே. நான்தான் கொட்டுனேன்."

மருதாயி தலையை ஆட்டினாள். படியைத் தாண்டி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். குழந்தைசாமி அடித்த தட்டு சுவரில் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு காலடியில் கிடந்த ஒரு கலயத்தை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பிரகதாம்பாளுக்குத் தெரியவில்லை. மருதாயிக்கும் தெரியவில்லை.